சர்க்கரை நோயின் நரம்பு வலியும் மனநலமும்: புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

பாதங்கள் எரிகின்றன, இரவில் போர்வை பட்டாலே சுரீரென்கிறது, தூக்கம் கெட்டுப்போய்விட்டது, எதிலும் மனம் ஒட்டவில்லை என்ற நிலையில் இருப்பவர்களுக்கும் அவர்களைக் கவனித்துக்கொள்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். நானும் இந்த வலியோடு பல ஆண்டுகளாக வாழ்ந்துவருகிறேன். சர்க்கரைக்கு ஒரு மருத்துவர், நரம்புக்கு இன்னொருவர், பாதத்துக்கு வேறொருவர் என்று அலைந்த காலத்தில் மனச்சோர்வைப் பற்றி எவரும் என்னிடம் கேட்கவில்லை; அதை யாரிடம் சொல்ல வேண்டும் என்பதும் எனக்குத் தெரியவில்லை.

வலி தூக்கத்தைக் கெடுக்கிறது, தூக்கமின்மை மனத்தைத் தளர்த்துகிறது, தளர்ந்த மனம் மாத்திரையையும் நடையையும் உணவுக் கட்டுப்பாட்டையும் கைவிடச் செய்கிறது, அதனால் சர்க்கரை ஏறி வலி மேலும் கூடுகிறது. ஆகவே வலி, தூக்கம், மனம் ஆகிய மூன்றையும் முதல் சந்திப்பிலேயே ஒன்றாக மருத்துவர் முன் வைக்க வேண்டும் என்பதுதான் நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது. யாராவது கேட்பார்கள் என்று காத்திருக்க வேண்டாம். எந்தத் தாள்களைக் கொண்டுபோவது, எவற்றைப் பரிசோதிக்கச் சொல்வது, எதற்குச் செலவு செய்வது, எவ்வளவு காலம் பொறுப்பது என்பவற்றைக் கீழே வரிசைப்படி தருகிறேன்.

1. இரண்டு வாரக் குறிப்பேடு

மருத்துவரைப் பார்க்க நாள் குறித்தவுடன் முதல் வேலையாக ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, நாளுக்கு ஒரு பக்கம் என்று ஒதுக்குங்கள். காலையில் எழுந்ததும் ஒரு முறை, படுக்கப் போகும்போது ஒரு முறை, வலியே இல்லையென்றால் 0, கற்பனை செய்யக்கூடிய மிகக் கடுமையான வலி என்றால் 10 என்ற கணக்கில் வலியின் அளவை எழுதுங்கள். பக்கத்திலேயே அதன் தன்மையையும் உங்கள் சொந்தச் சொற்களில் குறித்துவையுங்கள்: எரிச்சலா, ஊசி குத்தலா, மின்சாரம் பாய்வது போன்றதா, எறும்பு ஊர்வது போன்றதா, மரத்துப்போன உணர்வா. இது நரம்பு வலிதான் என்று மருத்துவர் முடிவுசெய்வது பெரும்பாலும் இந்தச் சொற்களையும் பாதப் பரிசோதனையையும் வைத்துத்தான். 'கால் வலிக்கிறது' என்று மட்டும் சொன்னால் மூட்டுவலிக்கான மாத்திரையோடு திரும்பிவரும் வாய்ப்பு அதிகம்.

அடுத்து தூக்கம். எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எத்தனை முறை விழித்தீர்கள், எதனால் விழித்தீர்கள் என்று மூன்று குறிப்புகள் போதும். வலியால் விழிப்பது வேறு, சிறுநீர் கழிக்க எழுவது வேறு, வியர்த்துப் படபடப்போடு விழிப்பது வேறு. கடைசியாகச் சொன்னது இரவில் சர்க்கரை தாழ்ந்துபோவதன் அறிகுறியாக இருக்கலாம் என்பதால், இன்சுலினோ சர்க்கரையைத் தாழ்த்தக்கூடிய மாத்திரைகளோ எடுப்பவர்கள் அந்த நேரத்திலேயே குளுக்கோமீட்டரில் பார்த்து எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். அதைப் பதற்றம் என்று நினைத்துக்கொண்டு படுத்துவிடுவது ஆபத்தானது.

பக்கத்தின் அடியில், அன்று வலிக்காக எதைக் கைவிட்டீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். நடைப்பயிற்சி, நண்பர் வீட்டு விசேஷம், பேரக்குழந்தையைத் தூக்குவது, வேலையில் ஒரு மணி நேரம் என எதுவானாலும் சரி. எண்களைவிட இந்த ஒரு வரிதான் உங்கள் வாழ்க்கை எந்த அளவுக்குச் சுருங்கியிருக்கிறது என்பதை மருத்துவருக்கும் உங்களுக்கும் காட்டும்.

இதில் ஒரு பொறி உண்டு. ஆர்வத்தில் மணிக்கு ஒரு முறை வலியைக் குறிக்கத் தொடங்கினால் நாள் முழுவதும் கவனம் பாதத்திலேயே குவிந்து, வலி கூடியதாகவே தோன்றும். நாளுக்கு இரண்டு முறை போதும். இரண்டு வாரம் முடிந்ததும் நோட்டை மூடிவையுங்கள். பிறகு மருந்து மாறும்போது மட்டும் மீண்டும் திறந்தால் போதுமானது.

2. மனநிலையை அளந்துகொள்ளுதல்

'மனசு சரியில்லை' என்ற சொல்லை அவசரமான மருத்துவர் எளிதாகக் கடந்து போய்விடுவார். மதிப்பெண் எழுதிய தாளை அப்படிக் கடந்துபோக முடியாது. பிஎச்கியூ-9 என்ற கேள்வித்தாள் கடந்த இரண்டு வாரங்களைப் பற்றி ஒன்பது கேள்விகள் கேட்கிறது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. கூட்டுத்தொகை 10 அல்லது அதற்கு மேல் என்றால் மனச்சோர்வுக்கான முறையான மதிப்பீடு தேவை. 20 அல்லது அதற்கு மேல் என்றால் கடுமையான நிலை. பதற்றத்துக்கு ஜிஏடி-7 என்ற ஏழு கேள்விகள் உள்ளன. அதிலும் 10 என்பதே கவனிக்க வேண்டிய எல்லை. இரண்டும் பல மொழிகளில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன, நிரப்பப் பத்து நிமிடங்கள்கூட ஆகாது.

மூன்றாவதாக, நீரிழிவோடு வாழ்வதால் வரும் மனச்சுமையை மட்டும் அளக்கும் 'பெய்ட்' என்ற 20 கேள்விகள் கொண்ட தாள் ஒன்று உண்டு. அதன் மதிப்பெண் 0 முதல் 100 வரை செல்லும். 40 அல்லது அதற்கு மேல் என்றால் சுமை அதிகம். எந்நேரமும் சர்க்கரை அளவை நினைத்துக் கவலைப்படுவது, சிக்கல்கள் வந்துவிடுமோ என்ற அச்சம், உணவைப் பற்றிய குற்றவுணர்வு, கட்டுப்பாடுகளால் வரும் சலிப்பு ஆகியவை மனச்சோர்வு நோயாக இல்லாமல் இந்தச் சுமையாகவே இருக்கலாம். அதற்கு மாத்திரையைவிட, சிகிச்சை முறையை எளிமையாக்குவதும் மனம்விட்டுப் பேசுவதும்தான் பெரும்பாலும் உதவுகின்றன. இரண்டையும் பிரித்தறியாமல் மனச்சோர்வு மாத்திரையைத் தொடங்கிவிட்டுப் பலனில்லையே என்று வருந்துபவர்கள் இருக்கிறார்கள்.

மதிப்பெண்ணைப் படிக்கும்போது ஓர் எச்சரிக்கை. களைப்பு, தூக்கமின்மை, பசி மாற்றம் பற்றிய கேள்விகளுக்கு நீரிழிவும் வலியும் மட்டுமே காரணமாகி எண்ணைக் கூட்டிவிடலாம். ஆகவே முதல் இரண்டு கேள்விகளை, அதாவது எதிலும் ஆர்வமோ மகிழ்ச்சியோ இல்லாமல் இருப்பதையும் மனம் சோர்ந்து நம்பிக்கையிழந்து இருப்பதையும் தனியே கவனியுங்கள். ஒன்பதாவது கேள்வி இறந்துபோனால் நல்லது என்ற எண்ணத்தையும் தன்னைத் துன்புறுத்திக்கொள்ளும் எண்ணத்தையும் பற்றியது. அதற்கு 0 தவிர வேறு எந்த எண் வந்தாலும், மொத்த மதிப்பெண் எவ்வளவு குறைவாக இருந்தாலும், முன்பதிவு நாளுக்காகக் காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் பேசுங்கள். கீழே எட்டாவது படியை முதலில் படித்துவிடுங்கள்.

3. முதல் சந்திப்புக்கான தாள்களும் பரிசோதனைகளும்

ஒரே கோப்பில் இவை இருக்கட்டும்: குறிப்பேட்டின் சுருக்கம் ஒரு பக்கம், நிரப்பிய கேள்வித்தாள்கள், நீங்கள் எடுக்கும் எல்லா மருந்துகளின் பெயர், அளவு, தொடங்கிய மாதம், முன்பு எடுத்து நிறுத்திய மருந்துகளும் நிறுத்தியதற்கான காரணமும், கடந்த ஓராண்டின் எச்பிஏ1சி (ஏறக்குறைய மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) முடிவுகள் தேதி வரிசைப்படி, சிறுநீரகப் பரிசோதனை முடிவு, இதயநோய், கண் அழுத்தம், புராஸ்டேட் தொந்தரவு ஏதேனும் இருந்தால் அதற்கான அறிக்கை. கடையில் நீங்களாகவே வாங்கிச் சாப்பிடும் சத்து மாத்திரைகளையும் நாட்டு மருந்துகளையும் மறைக்காமல் எழுதுங்கள்.

நிறுத்திய மருந்துகளின் பட்டியல்தான் பலர் கொண்டுபோகாதது. அது இல்லாவிட்டால், ஒத்துக்கொள்ளாமல் விட்ட மாத்திரையே வேறொரு வணிகப் பெயரில் மீண்டும் எழுதப்படும். அதற்கும் ஒரு மாதச் செலவும் ஒரு மாத வேதனையும் ஆகும்.

நரம்பு பாதிப்புக்கு நீரிழிவைத் தவிர வேறு காரணங்களும் இருக்கலாம் என்பதால் வைட்டமின் பி12, தைராய்டு, சிறுநீரகம் ஆகியவற்றுக்கான ரத்தப் பரிசோதனையைக் கேளுங்கள். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைப் பல ஆண்டுகளாக எடுப்பவர்களுக்கு பி12 குறையக்கூடும். அந்தக் குறைபாடு பாத எரிச்சலையும் மரத்துப்போதலையும் களைப்பையும் மனச்சோர்வையும் உண்டாக்கும். தைராய்டுச் சுரப்புக் குறைவும் மனச்சோர்வைப் போலவே தோன்றும். ஆக, இந்தச் சிறு செலவு பின்னால் பெரிய செலவைத் தவிர்க்கிறது. மது அருந்தும் வழக்கம் இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள், அதுவும் நரம்பைத் தாக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நீண்ட காலம் உயர்ந்திருந்த சர்க்கரையை மிக வேகமாக இறக்கும்போது, குறிப்பாக மூன்று மாதங்களுக்குள் எச்பிஏ1சி இரண்டு புள்ளிகளுக்கு மேல் குறையும்போது, சிலருக்குத் திடீரென்று கடும் நரம்பு வலி தொடங்குகிறது. 'இவ்வளவு கட்டுப்பாடாக இருந்தும் இப்படி ஆகிவிட்டதே' என்று அவர்கள் மனமுடைந்து போகிறார்கள். இது மருத்துவ உலகம் அறிந்த ஒரு நிலை. பெரும்பாலோருக்கு மாதங்கள் செல்லச் செல்லத் தணிகிறது. கட்டுப்பாட்டை விட்டுவிடுவது இதற்குத் தீர்வாகாது. இறக்கும் வேகத்தைப் பற்றி மருத்துவரிடம் பேசுங்கள்.

மருத்துவரோடு கிடைக்கும் நேரம் குறைவு. எனவே உட்கார்ந்தவுடன் இப்படித் தொடங்கலாம்: 'டாக்டர், இரவில் பாத எரிச்சல் பத்துக்கு ஏழு இருக்கிறது, தூக்கம் நான்கு மணி நேரம்தான், மனச்சோர்வுக் கேள்வித்தாளில் பதினான்கு வந்திருக்கிறது, இவை மூன்றுக்கும் சேர்த்து என்ன செய்யலாம்?' உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள். மனத்தைப் பற்றிய பேச்சைக் கடைசிக்கு வைத்தால், பெரும்பாலும் கதவருகே நின்றுகொண்டுதான் அதைச் சொல்ல நேரும்.

4. மருந்துகள்: எதை எதிர்பார்ப்பது, எவ்வளவு காலம் பொறுப்பது

நரம்பு வலிக்கு வழக்கமாக எழுதப்படுபவை டுலாக்செட்டின், பிரீகாபாலின், கபாபென்டின், அமிட்ரிப்டிலின் ஆகியவை. இவற்றுள் டுலாக்செட்டினும் அமிட்ரிப்டிலினும் மனச்சோர்வு மருந்துகளின் வகையைச் சேர்ந்தவை. மருந்துத் தாளில் அப்படிப் போட்டிருப்பதைப் படித்துவிட்டு, 'என் வலி கற்பனை என்று மருத்துவர் நினைக்கிறார்' என்று மாத்திரையைத் தொடாமலே விட்டவர்கள் உண்டு. வலிச் செய்திகளைத் தணிக்கும்படி முதுகுத்தண்டிலும் மூளையிலும் அவை வேலை செய்கின்றன என்பதால்தான் தரப்படுகின்றன. மனச்சோர்வே இல்லாதவர்களுக்கும் வலியைக் குறைக்கின்றன.

மனச்சோர்வும் வலியும் சேர்ந்திருப்பவருக்கு டுலாக்செட்டின் ஒரே மாத்திரையில் இரண்டுக்கும் உதவக்கூடும்; பொதுவாக 30 மில்லிகிராமில் தொடங்கி 60 வரை கொண்டுபோவார்கள். அமிட்ரிப்டிலின் இரவில் 10 மில்லிகிராம் போன்ற சிறு அளவில் தொடங்கப்படுகிறது. விலை மலிவு, தூக்கத்துக்கும் உதவும். ஆனால் வலிக்குத் தரும் அந்தச் சிறிய அளவு மனச்சோர்வைக் குணப்படுத்தப் பொதுவாகப் போதாது என்பதை நினைவில் வையுங்கள். வாய் வறட்சி, மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு ஆகியவற்றை அது தரலாம். வயதானவர்களுக்கும் இதயநோய் உள்ளவர்களுக்கும் தொடங்குமுன் ஈசிஜி எடுத்துப் பார்ப்பது நல்லது. பிரீகாபாலினும் கபாபென்டினும் தூக்கக்கலக்கம், தலைச்சுற்றல், கால்வீக்கம், எடை கூடுதல் ஆகியவற்றைத் தரலாம்; சிறுநீரகச் செயல்பாட்டுக்கு ஏற்ப அளவைக் குறைக்க வேண்டும் என்பதால்தான் அந்த அறிக்கையைக் கோப்பில் வைக்கச் சொன்னேன். புதிதாகத் தொடங்கிய நாட்களில் வண்டி ஓட்டாதீர்கள்.

காலக்கணக்கு முக்கியம். ஒரு மருந்து உதவுகிறதா இல்லையா என்று சொல்ல, போதுமான அளவை எட்டிய பிறகு குறைந்தது நான்கு வாரங்களாவது வேண்டும். மனநிலையில் மாற்றம் தெரியவும் ஏறக்குறைய அதே காலம் ஆகும். ஆனால் பக்கவிளைவுகளோ முதல் வாரத்திலேயே வந்துவிடும், பின்னர் பலருக்குக் குறைந்துவிடும். பலன் தெரியாமல் தொந்தரவு மட்டும் தெரியும் அந்த இடைப்பட்ட வாரங்களில்தான் பெரும்பாலோர் நிறுத்திவிடுகிறார்கள். ஆகவே மருந்து எழுதும்போதே 'எப்போது பலனைப் பார்க்க வேண்டும், எந்தத் தொந்தரவு வந்தால் உடனே அழைக்க வேண்டும்' என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வலி முற்றிலும் மறைய வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் ஏமாற்றத்தில் முடியும். பத்துக்கு எட்டாக இருந்தது ஐந்தாகவோ நான்காகவோ குறைவது நல்ல பலன்தான். அந்தக் குறைவில் தூக்கம் திரும்பினாலே மனம் வெகுவாகத் தேறும்.

2022இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்த ஆப்ஷன்-டிஎம் என்ற ஆய்வு அமிட்ரிப்டிலின், டுலாக்செட்டின், பிரீகாபாலின் ஆகியவற்றில் எதில் தொடங்கினாலும் வலி ஏறக்குறைய ஒரே அளவுக்குக் குறைவதையும், ஒரு மருந்தில் போதிய பலன் கிடைக்காதவர்களுக்கு இரண்டாவதைச் சேர்த்தபோது மேலும் குறைவதையும் காட்டியது. முதல் மருந்து கைகொடுக்கவில்லை என்பதற்காக வழியே இல்லை என்று எண்ணிவிடாதீர்கள்.

தவிர்க்க வேண்டிய பொறிகள் சில. டுலாக்செட்டின், பிரீகாபாலின் போன்றவற்றை ஒரே நாளில் நிறுத்தினால் தலைச்சுற்றல், பதற்றம், தூக்கமின்மை வரும். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும், ஆகவே மாத்திரை தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே அடுத்த தொகுப்பை வாங்கிவிடுங்கள். இப்யூபுரோஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற சாதாரண வலி மாத்திரைகள் நரம்பு வலிக்கு அவ்வளவாக உதவுவதில்லை, சிறுநீரகத்தையும் கெடுக்கலாம். மார்ஃபின் போன்ற ஓபியாய்டு வகை மருந்துகளை நீண்ட காலத்துக்கு இந்த வலிக்குப் பரிந்துரைப்பதில்லை. அந்த வகையைச் சேர்ந்த டிராமடாலை டுலாக்செட்டினோடு சேர்ப்பதில் தனி ஆபத்தும் உண்டு. 'நரம்புச் சத்து' என்ற பெயரில் விற்கும் மாத்திரைகளில் வைட்டமின் பி6 அதிக அளவில் இருந்தால், நாளடைவில் அதுவே நரம்பைப் பாதிக்கும். பெட்டியின் பின்புறத்தைப் படிக்காமல் வாங்காதீர்கள். நரம்பு வலிக்கு எழுதப்படும் மேற்சொன்ன நான்கு மருந்துகளில் சில, சிலருக்கு, குறிப்பாக இளம் வயதினருக்கு, தொடக்கத்தில் தற்கொலை எண்ணத்தைத் தூண்டலாம் என்ற எச்சரிக்கை உள்ளது. முதல் வாரங்களில் வீட்டில் ஒருவர் கவனித்துக்கொள்வது நல்லது.

செலவைப் பொறுத்தவரை, இந்த நான்கு மருந்துகளும் மூலக்கூறின் பொதுப் பெயரில் மலிவாகக் கிடைக்கின்றன. பொதுப் பெயரில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

5. மனநலச் சிகிச்சையைத் தேடுதல்

வலியை எதிர்கொள்ளும் விதத்தை மாற்றுவதற்கு அதிகம் பயன்படுவது சிபிடி எனப்படும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. இது வழக்கமாக வாரம் ஒரு முறை வீதம் 8 முதல் 12 அமர்வுகள் நடைபெறும். வலி வந்தவுடன் ஓடும் எண்ணங்களைப் பிடித்து, அவற்றுக்கும் உண்மைக்கும் உள்ள தொலைவைப் பார்க்கப் பழக்குவார்கள். எடுத்துக்காட்டாக, எரிச்சல் கூடும் ஒவ்வோர் இரவும் 'காலை எடுத்துவிடுவார்கள்' என்ற அச்சம் நம்மில் பலருக்கு வருகிறது. வலியின் கடுமைக்கும் நரம்பு கெட்டிருக்கும் அளவுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. காலை இழக்கும் நிலைக்குக் கொண்டுபோவது பெரும்பாலும் உணர்விழந்த பாதத்தில் கவனிக்கப்படாமல் போகும் புண்தான், அதைத் தினசரிப் பராமரிப்பால் பெருமளவு தவிர்க்கலாம். இதை அறிவால் தெரிந்துகொள்வது எளிது. நள்ளிரவு இரண்டு மணிக்கு நம்புவதற்குத்தான் பயிற்சி வேண்டும்.

வலியோடு போராடுவதைக் குறைத்து, வாழ்வில் முக்கியமானவற்றின் பக்கம் திரும்பப் பழக்கும் ஏற்பு வழிச் சிகிச்சையும், எட்டு வாரம் நடக்கும் மனமுழுமைப் (மைண்ட்ஃபுல்னஸ்) பயிற்சியும் வேறு இரண்டு வழிகள். இவை நரம்பைச் சரிசெய்வதில்லை. வலியால் ஏற்படும் துன்பத்தையும் வாழ்க்கைச் சுருக்கத்தையும் குறைக்கின்றன.

ஒருவரைத் தேர்ந்தெடுக்குமுன் தொலைபேசியிலேயே நான்கைக் கேளுங்கள்: நாள்பட்ட உடல்வலி உள்ளவர்களோடு வேலை செய்த அனுபவம் உண்டா, மொத்தம் எத்தனை அமர்வுகள் தேவைப்படும், ஓர் அமர்வுக்குக் கட்டணம் எவ்வளவு, வர முடியாவிட்டால் எத்தனை நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும். காப்பீடு இருந்தால் மனநல அமர்வுகள் அதில் அடங்குமா, முன் அனுமதியும் மருத்துவரின் பரிந்துரைக் கடிதமும் தேவையா என்று முதல் அமர்வுக்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அமர்வுகள் முடிந்த பின் கேட்டால் பணம் திரும்பக் கிடைப்பது கடினம். கட்டணம் தாங்காதவர்கள் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவு, பல்கலைக்கழகங்களின் பயிற்சி மையங்கள், குழு அமர்வுகள், இணையவழி அமர்வுகள் ஆகியவற்றைக் கேட்டுப்பார்க்கலாம். காத்திருப்புப் பட்டியல் நீளமாக இருக்கும் என்பதால் மருந்தைத் தொடங்கும் நாளிலேயே இதற்கும் பெயர் பதிந்துவிடுங்கள். மூன்று, நான்கு அமர்வுகளுக்குப் பிறகும் அவரிடம் மனம்விட்டுப் பேச வரவில்லையென்றால் வேறொருவரைத் தேடுவதில் தவறில்லை.

முழுக் குணம் தருவதாகச் சொல்லி மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கேட்பவர்களிடம் போகாதீர்கள். நரம்பு வலியை வைத்துப் பணம் பார்ப்பவர்கள் நம் அவதியை நன்றாக அறிந்தவர்கள்.

6. இரவைக் கையாளுதல்

நரம்பு வலி இரவில் மிகுவது இந்நோயின் இயல்பு. பகலில் கவனத்தை ஈர்க்க ஆயிரம் இருக்கும்; படுக்கையில் பாதம் மட்டுமே இருக்கும். முதலில் போர்வையைக் கவனியுங்கள். கட்டிலின் கால்மாட்டில் ஒரு சிறு சட்டத்தையோ அட்டைப் பெட்டியையோ வைத்து, துணி பாதத்தைத் தொடாமல் தூக்கி நிறுத்தினால் பலருக்கு அன்றிரவே வேறுபாடு தெரியும். இதற்குச் செலவே இல்லை.

எரிச்சலைத் தணிக்கப் பனிக்கட்டி வைப்பது, வெந்நீரில் ஊறவைப்பது, சூடான ஒத்தடப் பை வைப்பது மூன்றையும் தவிர்க்க வேண்டும். எரிச்சல் இருக்கும் அதே பாதத்தில் சூட்டையும் குளிரையும் அறியும் உணர்வு குறைந்திருப்பதால், தோல் வெந்துபோனாலும் தெரியாது. சற்றுக் குளிர்ந்த சாதாரண நீரில் சில நிமிடங்கள் நனைத்து, விரலிடுக்கு வரை ஈரமில்லாமல் துடைப்பது போதும்.

தினமும் ஒரே நேரத்தில் எழுங்கள். இரவு எவ்வளவு கெட்டிருந்தாலும் இதை மட்டும் மாற்றாதீர்கள். படுத்து ஏறக்குறைய இருபது நிமிடங்கள் தூக்கம் வரவில்லையென்றால் எழுந்து மங்கலான வெளிச்சத்தில் அமைதியான ஒரு வேலையைச் செய்துவிட்டு, கண் சொருகும்போது திரும்புங்கள். எழும்போது சட்டென்று நிற்காமல் கட்டில் விளிம்பில் சிறிது உட்கார்ந்து பிறகு நில்லுங்கள், ஏனெனில் நரம்பு பாதிப்பும் இந்த மருந்துகளும் எழுந்தவுடன் தலைச்சுற்றலைத் தரக்கூடும். மூச்சை மெல்ல இழுத்து, இழுத்ததைவிட நீளமாக வெளிவிடும் பயிற்சியைப் பகலிலேயே பழகிவையுங்கள். வலி உச்சத்தில் இருக்கும்போது முதன்முறையாகச் செய்து பார்த்தால் அது உதவாது.

தூங்குவதற்காக மது அருந்துவது பின்னிரவுத் தூக்கத்தைக் கெடுக்கிறது, நரம்பையும் கெடுக்கிறது, மேலே சொன்ன மருந்துகளோடு சேர்ந்து மூச்சையும் மட்டுப்படுத்தலாம்.

7. பகலும் பாதமும் உறவுகளும்

வலி குறைந்த நாளில் நிலுவையிலுள்ள வேலைகளையெல்லாம் முடித்துவிட்டு, அடுத்த இரண்டு நாட்கள் படுத்துக்கிடப்பது இந்த வலி உள்ளவர்களின் வழக்கமான சுழல். இதைத் தவிர்க்க, வலி சொல்லும்போது நிறுத்தாமல் கடிகாரம் சொல்லும்போது நிறுத்துங்கள். இருபது நிமிடங்களில் வலி தொடங்குகிறது என்றால் பதினைந்தாவது நிமிடத்தில் உட்காருங்கள். வாரம் செல்லச் செல்ல ஓரிரு நிமிடங்கள் கூட்டுங்கள். பாதத்தில் புண் இல்லாதவர்கள் சரியான காலணியோடு நடக்கலாம்; நடக்க முடியாதவர்கள் நிலையான சைக்கிள், நாற்காலியில் அமர்ந்த பயிற்சி ஆகியவற்றைச் செய்யலாம். உடற்பயிற்சி சர்க்கரை, தூக்கம், மனநிலை மூன்றுக்கும் உதவும். வாரம் 150 நிமிடங்கள் என்பது பொதுவான இலக்கு, ஆனால் ஐந்து நிமிடத்தில் தொடங்குவதும் தொடக்கம்தான்.

தினமும் ஒரே நேரத்தில் பாதத்தைப் பாருங்கள்: அடிப்பகுதிக்குக் கண்ணாடி, விரலிடுக்குக்கு விளக்கு, காலணி அணியுமுன் உள்ளே கைவிட்டு ஒரு தடவல். கொப்புளம், சிவப்பு, கசிவு இருந்தால் அன்றே காட்டுங்கள். ஒருமுறை பார்த்து முடித்த பிறகு அடுத்த நாள் வரை மீண்டும் மீண்டும் பார்க்க வேண்டாம். அச்சம் உள்ளவர்களுக்கு இந்த வரையறை மிகவும் உதவும். வலி தானாகக் குறைந்து மரத்துப்போனால் அதைக் குணம் என்று எண்ணிவிடாதீர்கள், உணர்வு மேலும் இழக்கப்படுவதாக இருக்கலாம். பாதப் பரிசோதனைக்குப் போங்கள்.

வீட்டில் உள்ளவர்களுக்கு இந்த வலி கண்ணுக்குத் தெரிவதில்லை. 'இனிப்பைச் சாப்பிட்டாய், இப்போது அனுபவிக்கிறாய்' என்ற சொல் வலியைவிட ஆழமாகக் காயப்படுத்தும். வலி தணிந்திருக்கும் ஒரு வேளையில் அவர்களிடம் மூன்றை மட்டும் சொல்லுங்கள்: எது வலிக்கிறது, எந்த உதவி வேண்டும், எந்தப் பேச்சு வேண்டாம். முடிந்தால் ஒரு மருத்துவச் சந்திப்புக்கு அழைத்துச் செல்லுங்கள். தாம்பத்திய உறவில் ஏற்படும் சிக்கல்களும் நரம்பு பாதிப்பாலோ மாத்திரைகளாலோ வரலாம், அவற்றுக்கும் சிகிச்சை உண்டு. கூச்சத்தால் மறைத்துவைத்தால் இருவர் மனமும் விலகிப்போகும்.

வேலைக்குப் போகிறவர்கள் மருத்துவரிடம் கடிதம் கேட்கும்போது நோயின் பெயரோடு நிற்காமல், 'தொடர்ந்து அரை மணி நேரத்துக்கு மேல் நிற்க முடியாது, இடையில் உட்கார வேண்டும், பாதுகாப்பான காலணி அணிய அனுமதி வேண்டும்' என்று செயலளவில் எழுதித் தரச் சொல்லுங்கள். கடிதத்தில் தேதியும் எவ்வளவு காலத்துக்குச் செல்லும் என்பதும் இருக்க வேண்டும். நகல் ஒன்று உங்களிடம் இருக்கட்டும். மனநலத் தகவலை அலுவலகத்துக்குத் தெரிவிப்பதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. கடிதத்தில் அது இடம்பெற வேண்டிய கட்டாயம் பெரும்பாலும் இல்லை.

8. மோசமான நாட்களுக்கான திட்டம்

இதை நலமாக இருக்கும் நாளில் எழுதிவையுங்கள். ஒரே தாளில், வலி உச்சத்துக்குப் போகும்போது வரிசையாகச் செய்யப்போவது, அழைக்கக்கூடிய இருவரின் எண், மருத்துவரின் எண், உங்கள் நாட்டின் அவசர உதவி எண், தற்கொலைத் தடுப்பு உதவி எண் ஆகியவை இருக்க வேண்டும். தாளைக் கட்டிலருகே ஒட்டுங்கள், ஒரு நகலை வீட்டில் உள்ள ஒருவரிடம் கொடுங்கள்.

இனி வாழ வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் தனியாக இருக்காதீர்கள். அந்த எண்ணம் நாள்பட்ட வலி உள்ள பலருக்கு வருகிறது, சிகிச்சையால் விலகவும் செய்கிறது. உடனே ஒருவரை அழையுங்கள். இன்சுலினையும் மாத்திரைகளையும் இன்னொருவர் பொறுப்பில் வைத்து, தேவையான அளவை மட்டும் வேளைக்கு வேளை வாங்கிக்கொள்ளுங்கள். எண்ணம் திட்டமாக மாறுவது போலிருந்தால் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். கவனித்துக்கொள்பவர்களுக்கும் ஒரு சொல்: நேரடியாகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக உண்டாகிவிடாது, ஆகவே தயங்காமல் கேளுங்கள். இன்சுலினை வேண்டுமென்றே விட்டுவிடுவதையும் கூட்டிப் போடுவதையும் இதே அளவு தீவிரமாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

9. மறுபார்வை

மருந்து தொடங்கிய அல்லது மாற்றிய ஒவ்வொரு முறையும் நான்கு முதல் ஆறு வாரத்தில் ஒரு சந்திப்பையும், மூன்றாவது மாதத்தில் ஒரு சந்திப்பையும் முன்கூட்டியே பதிந்துவிடுங்கள். இரண்டுக்கும் முன் ஒரு வாரம் குறிப்பேட்டை எழுதி, கேள்வித்தாள்களையும் மீண்டும் நிரப்பிப் பழைய தாளோடு சேர்த்துக் கொண்டுபோங்கள். வலி எண் அப்படியே இருந்து மன எண் குறைந்திருந்தாலும் அது முன்னேற்றம்தான். அதைக் கண்டு மருந்தை நீங்களாகக் குறைத்துவிடாதீர்கள், குறைக்கும் காலத்தை மருத்துவரே சொல்லட்டும்.

மூன்றாம் மாதத்திலும் இரண்டு எண்களும் அசையவில்லையென்றால், வலி நிவாரணப் பிரிவுக்கோ மனநல மருத்துவருக்கோ பரிந்துரைக் கடிதம் தருமாறு நேராகக் கேளுங்கள். மருத்துவமனையில் வைத்து ஒட்டப்படும் 8 சதவீத கேப்சைசின் (மிளகாயின் காரப்பொருள்) பட்டை, மருந்துகளால் தணியாத வலிக்கு முதுகுத்தண்டு நரம்புத் தூண்டல் கருவி போன்ற வழிகள் அங்கே பேசப்படும். பட்டை ஒட்டும்போது முதலில் எரிச்சல் கூடும், பலன் தெரிந்தால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை மீண்டும் ஒட்ட வேண்டியிருக்கும். கருவிக்கோ அறுவைச் சிகிச்சையும் பெருஞ்செலவும் உண்டு. கருவியைப் பொருத்துமுன் மனநல மதிப்பீடு கேட்பார்கள், இதுவரை நீங்கள் சேர்த்துவைத்த கோப்பை அப்போது அப்படியே கொடுத்துவிடலாம்.